உடைந்த பீங்கான் பொம்மைக்கு மறுவாழ்வு

செம்புக் குடம் கைதவறிக் கீழே விழுந்தால் நசுங்கும். பீங்கான் பொம்மை விழுந்தால் உடையும். இரண்டில் எது பெரிய சேதம் என்று கேட்டால், பொம்மைதான் என்று எல்லோரும் சொல்வோம். ஆனால், பழைய வடிவத்தைத் திரும்பப் பெறுவது என்று பார்த்தால் விடை தலைகீழாகிவிடுகிறது. நசுங்கிய குடத்தின் உலோகம் ஓரிடத்தில் நீண்டும் ஓரிடத்தில் மடிந்தும் போய்விட்டது. கன்னார் எவ்வளவு கைதேர்ந்தவரானாலும் அதைத் தட்டி நிமிர்த்தலாமே தவிர, விழுவதற்கு முன்பிருந்த அதே பரப்பைக் கொண்டுவர முடியாது. பீங்கானோ வளைவதே இல்லை. பத்துத் துண்டாகச் சிதறினாலும் ஒவ்வொரு துண்டும் தன் வடிவத்தை அப்படியே வைத்திருக்கிறது. ஒரு துண்டின் முறிந்த ஓரத்தை அதன் ஜோடித் துண்டோடு சேர்த்தால் மயிரிழை பிசகாமல் பொருந்துகிறது.

இது இயற்கை நமக்குத் தந்திருக்கும் சலுகை எனலாம். அந்தச் சலுகையைக் கெடுப்பது பெரும்பாலும் விபத்து அல்ல. விபத்து நடந்த அரைமணி நேரத்திற்குள் பசைக் குழாயை எடுத்துக்கொண்டு உட்காரும் நம் அவசரம்தான். பழம்பொருள்களைச் சீரமைப்பவர்களின் மேசைக்கு வரும் பீங்கான் பொம்மைகளில் பல, அன்று உடைந்தவை அல்ல. முன்பு யாரோ ஒட்டி, அந்த ஒட்டு மஞ்சளாகியோ விட்டுப்போயோ கோணலாக நின்றோ வந்து சேர்ந்தவை.

ஏன் வளைவதில்லை?

உலோகத்தில் அணுக்கள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. விசை மிகுந்தால் ஓர் அடுக்கு மற்றோர் அடுக்கின்மேல் வழுக்கிச் செல்லும், பிணைப்பு அறுவதில்லை. செம்பு நசுங்குவது இதனால்தான். பீங்கானில் அணுக்களுக்கிடையேயுள்ள பிணைப்புகள் விறைப்பானவை. வழுக்க இடம் தருவதில்லை. விசை ஓர் எல்லையைத் தாண்டினால் அறுந்துதான் தீரவேண்டும்.

அப்படியானால் பீங்கான் மிக வலுவான பொருளாக அல்லவா இருக்கவேண்டும்? அணுப் பிணைப்புகளின் வலிமையைக் கணக்கிட்டால் அப்படித்தான் விடை வருகிறது. நடைமுறையிலோ அதில் மிகச் சிறு பங்குதான் கிடைக்கிறது. இந்தப் புதிரை விடுவித்தவர் ஏ. ஏ. கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியியலார். கண்ணாடியை ஆராய்ந்து 1920இல் அவர் வெளியிட்ட விளக்கம் பீங்கானுக்கும் பொருந்தும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கீறல்கள் இத்தகைய பொருள்களில் எப்போதும் உள்ளன. வெளியிலிருந்து வரும் விசை முழுப் பரப்பிலும் சமமாகப் பரவாமல் கீறலின் நுனியில் வந்து குவிகிறது. அங்கே ஒரு பிணைப்பு அறுந்தால் கீறல் சற்று நீளும். நீண்ட கீறலின் நுனியில் விசை இன்னும் அதிகமாகக் குவியும். கண்மூடித் திறப்பதற்குள் விரிசல் மறுகோடிக்கு ஓடிவிடுகிறது. துணிக்கடையில் ஓரத்தில் கத்தரியால் சிறு வெட்டு வைத்துவிட்டுத் துணியைக் கிழிக்கிறார்களே, ஏறக்குறைய அந்தக் கதைதான்.

பீங்கான் பொம்மையைச் சீரமைப்பவருக்கு இதில் இரண்டு பாடங்கள் உண்டு. முறிந்த ஓரம் விலைமதிப்பற்றது. அதை அரத்தால் தேய்த்தாலோ, துண்டுகளை ஒன்றோடொன்று உரசிப் பொருத்திப் பார்த்தாலோ ஓரத்திலுள்ள நுண்ணிய பொடிகள் உதிர்ந்து, இயற்கை தந்த பொருத்தம் பறிபோகும். மற்றொன்று, முழுதாகத் தெரியும் துண்டிலும் பாதி வழியில் நின்றுபோன விரிசல் ஒளிந்திருக்கலாம்.

வெள்ளைப் பொன்

பழைய பீங்கான் பொம்மைகள் என்றவுடன் முதலில் நினைவுக்கு வருவது ஜெர்மனியிலுள்ள மைசன் நகரம். சீனாவிலிருந்து வந்த பீங்கானுக்கு ஐரோப்பிய அரசர்கள் பைத்தியமாக இருந்த காலம் அது. சாக்சனியின் ஆட்சியாளரும் போலந்து மன்னருமான அகஸ்டஸ், 1717இல் தம் படையிலிருந்து 600 குதிரை வீரர்களைப் பிரஷ்ய மன்னருக்குக் கொடுத்துவிட்டு 151 சீனப் பீங்கான்களை வாங்கிக்கொண்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! இதே அகஸ்டஸின் காவலில் இருந்த யோஹான் ஃபிரீட்ரிஷ் பாட்கர் என்ற இளைஞர், தமக்குப் பொன் செய்யும் வித்தை தெரியும் என்று சொல்லி மாட்டிக்கொண்டவர். பொன் வரவில்லை. ஆனால் அறிஞர் சிர்ன்ஹவுஸுடன் சேர்ந்து நடத்திய சோதனைகளில் 1708இல் உண்மையான கடும்பீங்கான் பிறந்தது. 1710இல் மைசனில் ஆலை தொடங்கியது.

1731இல் அங்கு வந்து சேர்ந்த சிற்பி யோஹான் யோவாகிம் கேண்ட்லர், 1775இல் இறக்கும்வரை அங்கேயே பணியாற்றினார். விருந்து மேசையில் அதுவரை சர்க்கரையில் செய்து வைத்த அலங்கார உருவங்களின் இடத்தைப் பீங்கான் பொம்மைகள் பிடித்துக்கொண்டதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. இத்தாலிய நாடகக் கோமாளிகள், இசைக்கும் குரங்குகள், நாய்க்குட்டிகள், ஆயர் மகளிர் என்று உள்ளங்கை அகலத்தில் ஓர் உலகையே அவர் படைத்துவிட்டார்.

இப்பொம்மைகள் செய்யப்பட்ட விதத்தை அறிந்தால்தான் உடையும் விதம் புரியும். சிற்பி செய்த மூல உருவத்தைத் தலை, கை, கால், தொப்பி எனப் பகுதி பகுதியாக அறுப்பார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் பாரிஸ் சாந்தில் தனித்தனி அச்சு எடுப்பார்கள். அச்சுக்குள் பீங்கான் களிமண்ணை அழுத்தி எடுத்து, குழம்பாகக் கரைத்த அதே மண்ணையே பசையாகத் தடவி ஒன்று சேர்ப்பார்கள். காய்ந்தபின் சுமார் 900° செ. வெப்பத்தில் ஒருமுறை சுட்டு, மெருகுக் குழம்பில் தோய்த்து, சுமார் 1,400° செ. வெப்பத்தில் மறுமுறை சுடுவார்கள். அதன்பின் வண்ணம் தீட்டி, அவ்வண்ணங்கள் மெருகில் பதிவதற்காகக் குறைந்த வெப்பத்தில் மீண்டும் ஒருமுறை சூளையேற்ற வேண்டும்.

1,400 பாகையில் பீங்கான் ஓரளவு இளகிவிடுகிறது. மெல்லிய கால்கள் உடலின் எடையைத் தாங்காமல் மடங்கிவிடும். மைசன் பொம்மைகளின் காலருகே ஒரு மரத்தின் அடிக்கட்டை நிற்பதைப் படங்களில் கவனித்திருக்கலாம். அது வெறும் அழகுக்காக வைத்ததல்ல. சூளையில் பொம்மை சாயாமல் இருக்க வைத்த முட்டுக்கட்டை! சுடும்போது உருவம் சுருங்கவும் செய்கிறது. அச்சிலிருந்து வந்த ஈர உருவத்தின் நீளத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். இந்தச் சுருக்கம் பின்னால் ஒரு வேடிக்கையான சிக்கலைத் தரப்போகிறது, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அகஸ்டஸ் தம் டிரெஸ்டன் மாளிகைக்காக 1730களில் ஆளுயரத்தை நெருங்கும் விலங்கு உருவங்களைக் கேட்டார். அவ்வளவு பெரிய பீங்கான் சீராகச் சுருங்க மறுத்தது. பல உருவங்கள் சூளையிலிருந்து வெளிவரும்போதே விரிசலுடன் வந்தன. மறுபடி சூளையேற்ற அஞ்சி, அவற்றின்மேல் சுடாத வண்ணத்தையே பூசினார்கள். அது நாளடைவில் நிறம் மாறி உரிந்தது. ஆக, பழுது பார்க்கும் வேலை பீங்கான் ஆலைக்குள்ளேயே பிறந்துவிட்டது.

பழைய ஒட்டுகள்

உடைந்ததை மறுபடி சூளையில் வைத்துச் சேர்த்துவிட முடியாதா என்று சிலர் கேட்பதுண்டு. முடியாது. மெருகு இளகும் வெப்பத்திற்குப் போனால் வண்ணங்கள் பாழாகும். இத்தனை ஆண்டுகளில் நுண்துளைகளில் புகுந்த ஈரமும் அழுக்கும் கொப்புளமாக வெடிக்கும். ஆகவே பழுது யாவும் குளிர் நிலையில்தான் நடக்கவேண்டும்.

ஐரோப்பாவிலும் சீனாவிலும் நெடுங்காலம் வழக்கிலிருந்தது கம்பித் தையல். விரிசலின் இருபுறமும் வைரமுனைத் துளைப்பானால் பாதி ஆழத்திற்குத் துளையிட்டு, பித்தளைக் கம்பியைத் தாள்களைச் சேர்க்கும் பின் போல வளைத்து இறுக்கமாக மாட்டுவார்கள். பசையே தேவையில்லை, கம்பியின் இறுக்கம் துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். தட்டுகளிலும் கிண்ணங்களிலும் இத்தகைய தையல்களை இன்றும் காணலாம். நூறாண்டு தாங்கியவை உண்டு. ஆனால் ஒவ்வொரு துளையும் நாமே போட்ட காயம் அல்லவா?

பொம்மைகளின் கை கால்களுக்குள் இரும்பு ஆணியைச் செருகி ஒட்டியவர்களும் இருந்தார்கள். இது இன்னும் மோசம். இரும்பு துருப்பிடிக்கும்போது, கரைந்த இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தைத் துரு அடைத்துக்கொள்கிறது. கான்கிரீட் கூரைக்குள் கம்பி துருவேறிக் காரை பெயர்வதைப் பார்த்திருக்கிறோம். பொம்மையின் கையும் அப்படியே உள்ளிருந்து பிளக்கும்.

பசைகளில் பழையவை தச்சர்கள் பயன்படுத்தும் வச்சிரமும், சாராயத்தில் கரைத்த அரக்கும். வச்சிரம் ஈரத்தில் இளகும், வறட்சியில் சுருங்கும். அரக்கு நாளாக நாளாகக் கருத்து, ஒட்டிய இடத்தில் பழுப்புக் கோட்டை விட்டுச்செல்லும். 20ஆம் நூற்றாண்டில் செல்லுலோஸ் நைட்ரேட் பசை வந்தது. அது மஞ்சளாகி நொறுங்கக்கூடியது. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு எபாக்சிப் பிசின்கள் கடைக்கு வந்தன. இரண்டு குழாய்களிலிருந்து பிதுக்கிக் கலக்கும் அந்தப் பசை நம் வீடுகளுக்கும் பழக்கமானதுதான். அதன் வலிமையைக் கண்டு எல்லோரும் மகிழ்ந்தார்கள். தொல்லையும் அங்கேதான் தொடங்கியது.

வலுவான பசை ஏன் கூடாது?

ஒட்டியது விடக்கூடாது என்பதுதானே பசையின் இலக்கணம்? மர நாற்காலிக்குச் சரி. பழம்பொருளுக்கு இது பொருந்தாது. ஒட்டிய பொம்மை மறுபடி விழுகிறது என்று கொள்வோம். பசை பீங்கானைவிட மெலிவானதாக இருந்தால் பழைய ஒட்டில் விட்டுப்போகும். இழப்பு ஒன்றுமில்லை, திரும்ப ஒட்டலாம். பசை பீங்கானைவிட வலுவாக இருந்தால் ஒட்டு அசையாது. அதன் பக்கத்தில் இதுவரை முழுதாயிருந்த பீங்கான் புதிதாக உடையும். எனவே எந்த ஒட்டும், தான் சேர்க்கும் பொருளைவிடச் சற்று மெலிவாக இருக்கவேண்டும் என்பது இத்துறையின் முதல் விதி.

இரண்டாம் விதி, ஒட்டியதைப் பிற்காலத்தில் பிரிக்க முடியவேண்டும் என்பது. இதன் தேவையை இத்தாலியிலுள்ள ஒரு பழங்கிரேக்க மண்கலம் நன்கு காட்டுகிறது. ஃபிளாரன்ஸ் நகர அருங்காட்சியகத்திலிருந்த ‘ஃபிரான்சுவா ஜாடி’யின்மீது 1900இல் காவலாளி ஒருவர் கோபத்தில் முக்காலியை வீசினார். ஜாடி 638 துண்டுகளாயிற்று. பொறுமையாகச் சேர்த்து ஒட்டினார்கள். ஒரு துண்டு மட்டும் காணாமற்போயிருந்தது. சில ஆண்டுகள் கழித்து அது திரும்பி வந்தபோது ஜாடி ஏற்கெனவே ஒட்டப்பட்டிருந்தது! 1966 வெள்ளத்திற்குப்பின் 1973இல் ஜாடியைப் பிரித்து மறுபடி ஒட்டியபோதுதான் அத்துண்டு தன் இடத்தை அடைந்தது. முதலில் ஒட்டியவர்கள் பிரிக்கவே முடியாத பசையைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இவ்விரு விதிகளுக்கும் பெருமளவு இணங்கி வருவது பாராலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசின். தெளிவான சிறு உருண்டைகளாகக் கிடைக்கும் இதை அசெட்டோனில் கரைத்தால் பசையாகிறது. எத்தனை ஆண்டு கழித்தும் அசெட்டோனிலேயே மறுபடி கரையும், எளிதில் மஞ்சளாவதில்லை. மட்பாண்டங்களுக்கு இதைப் பசையாகப் பயன்படுத்தும் முறையை 1986இல் ஸ்டீபன் கூப் என்ற சீரமைப்பு வல்லுநர் விரிவாக எழுதியபின் இது உலகெங்கும் பரவியது. குறை இல்லாமலில்லை. சுமார் 40° செ. வெப்பத்தில் இது விறைப்பை இழந்து இளகத் தொடங்குகிறது. லண்டனில் இதைப் பற்றிக் கவலையில்லை. சித்திரை வெயிலில் வேலூரில் ஒரு கண்ணாடிப் பேழைக்குள், அதுவும் விளக்குக்கு அடியில், நிற்கும் பொம்மையின் கை மெல்ல மெல்லத் தொங்கிவிடலாம். வெப்ப நாடுகளில் பணியாற்றுபவர்கள் இதனுடன், சுமார் 60 பாகைவரை தாங்கும் பி-44 என்ற உறவுப் பிசினைக் கலந்துகொள்கிறார்கள்.

விழுந்தவுடன் செய்யவேண்டியது

முதலில் ஒன்றும் செய்யாதிருக்க வேண்டும்! துடைப்பத்தால் கூட்டாமல், அரிசி அளவுத் துணுக்குவரை எல்லாவற்றையும் கையால் பொறுக்கி, ஒன்றோடொன்று உரசாதபடி தனித்தனியே மெல்லிய தாளில் பொதிந்து வைக்கவேண்டும். கட்டிலுக்கு அடியில் ஓடிய விரல்நுனி ஒன்று கிடைத்தால், சீரமைப்பவருக்கு இரண்டு நாள் வேலை மிச்சம். சில நொடியில் ஒட்டும் உடனடிப் பசையை இங்கே எடுக்கவே கூடாது. காற்றிலும் பரப்பிலும் உள்ள ஈரமே அதை இறுகச் செய்துவிடுவதால், திருத்திக்கொள்ள நமக்கு அவகாசம் கிடைப்பதில்லை. தோளில் ஒரே ஒரு பாகை கோணல் விழுந்தால், 10 செ.மீ. நீளமுள்ள கையின் நுனி ஏறக்குறைய 1.7 மி.மீ. விலகி நிற்கும். கையில் பிடித்த பூக்கூடை இடுப்பில் போய் ஒட்டாது.

பட்டறையில் முதல் வேலை பரிசோதனை. இருட்டறையில் புற ஊதா விளக்கை ஏற்றினால், பகலில் மறைந்திருந்த பழைய ஒட்டுகள் வெளிச்சத்திற்கு வந்துவிடும். அரக்கு செம்மஞ்சளாக ஒளிரும்; எபாக்சியும் பிற்கால வண்ணப் பூச்சும் மெருகிலிருந்து வேறுபட்ட நிறத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும். உள்ளே ஆணி இருந்தால் எக்ஸ்-கதிர்ப் படம் காட்டிக்கொடுக்கும். ‘சிறிதும் பழுதில்லாத பழம்பொருள்’ என்று விலைபேசிய பொம்மைகள் பல இந்த விளக்கின்முன் தலைகுனிந்திருக்கின்றன.

பிறகு பழைய பசையை நீக்கவேண்டும். வச்சிரத்திற்கு வெந்நீர், அரக்குக்குச் சாராயம், செல்லுலோஸ் நைட்ரேட்டுக்கு அசெட்டோன் என்று ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய கரைப்பான் உண்டு. எபாக்சி கரையாது, சில கடுமையான கரைப்பான்களில் ஊறி உப்பும், அப்போது பிரித்தெடுக்கலாம். அவற்றின் ஆவி நச்சுத்தன்மை உடையது; வீட்டில் முயலவேண்டாம்.

விரிசலுக்குள் புகுந்த கரையை வெளுக்க, ஹைட்ரஜன் பெராக்சைடில் நனைத்த பஞ்சை விரிசல்மேல் வைத்து மெல்ல உறிஞ்சவிடுவார்கள். துணி வெளுக்கும் குளோரின் தூளை இதற்குப் பயன்படுத்துவது பெருந்தவறு. அது உள்ளே உப்பை விட்டுச்செல்கிறது. குறைந்த வெப்பத்தில் சுட்ட, நுண்துளை மிகுந்த மண் பொம்மைகளில் அந்த உப்பு காயும்போது படிகமாகி, மெருகையே உள்ளிருந்து தள்ளி உதிர்த்துவிடும். கடலிலிருந்தும் உவர்மண்ணிலிருந்தும் எடுத்த மண்பாண்டங்களைத் தூய நீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, நீர் மின்சாரத்தைக் கடத்தும் அளவைச் சோதித்து உப்பு இறங்கியதை உறுதி செய்வது இதனால்தான். கடும்பீங்கானுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு.

அடுத்து, பசையில்லாமல் ஒத்திகை. எல்லாத் துண்டுகளையும் சிறு ஒட்டுநாடாக்களால் சேர்த்துக்கட்டிப் பார்க்கவேண்டும். எந்தத் துண்டை முதலில் வைப்பது, எதைக் கடைசியில் வைப்பது என்ற வரிசை இங்கேதான் முடிவாகிறது. வரிசை தவறினால் கடைசித் துண்டு உள்ளே நுழைய வழியில்லாமல் வெளியே நின்றுவிடும். பசையின் கனமும் ஒரு சேட்டை செய்யும். உடைந்த வளையம் ஒன்றில் 12 ஒட்டுகள் இருந்து, ஒவ்வொன்றிலும் பசை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடித்தாலும், சுற்றி வந்து முடியும்போது 1.2 மி.மீ. கூடிப்போகும்.

இதனால் கடும்பீங்கானில் ஓர் அழகான உத்தியைக் கையாள்கிறார்கள். பசையைத் தடவி ஒட்டாமல், முதலில் துண்டுகளை நாடாவால் இறுகச் சேர்த்துவிட்டு, நீர்போல் ஓடும் தெளிவான எபாக்சியை ஊசிமுனையால் விரிசலின்மேல் ஒரு சொட்டு வைக்கிறார்கள். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல நுண்புழை ஈர்ப்பால் அது விரிசல் முழுவதும் தானே பரவுகிறது. பரவியவுடன் விரிசல் ஏறக்குறைய மறைந்துவிடும்! இது கண்கட்டு வித்தை அல்ல. விரிசல் நம் கண்ணுக்குத் தெரிவதே அதற்குள் காற்று இருப்பதால்தான். காற்றின் ஒளிவிலகல் எண் 1. மெருகினுடையது சுமார் 1.5. இரண்டும் சந்திக்கும் இடத்தில் நேராக விழும் ஒளியில் 100க்கு 4 பங்கு திருப்பி அனுப்பப்படுகிறது. பிசினின் எண்ணும் 1.5ஐ ஒட்டியிருப்பதால், காற்றின் இடத்தைப் பிசின் பிடித்தவுடன் ஒளி தடையின்றிக் கடந்துபோகிறது. இவ்வகைப் பிசின்களில் சில முழுதும் இறுக ஒரு வாரம் பிடிக்கும்.

எபாக்சி முதல் விதியையும் இரண்டாம் விதியையும் மீறுகிறதே என்று கேட்கலாம். சரியான கேள்விதான். துளையற்ற, மெல்லிய, பளபளக்கும் பீங்கானுக்கு அசெட்டோன் பசை எப்போதும் ஒத்துவருவதில்லை. கரைப்பான் வெளியேற வழியில்லாமல் ஒட்டு நெடுநாள் ஈரமாகவே கிடக்கும். அதனால் ஒரு சமரசம்: முறிந்த ஓரங்களில் முதலில் பி-72ஐ மிக மெல்லியதாகப் பூசிக் காயவிட்டு, அதன்மேல் எபாக்சியை இடுபவர்கள் உண்டு. நாளை பிரிக்கவேண்டுமானால் அந்தப் படலம் கரைந்து வழிவிடும். ஆனால் படலத்தின் கனம் பொருத்தத்தைச் சற்றுக் கெடுக்கும். எதை விட்டுக்கொடுப்பது என்பதைப் பொம்மையைப் பார்த்துத்தான் முடிவு செய்யமுடியும்.

காணாமற்போன கை

துண்டுகள் எல்லாம் இருந்தால் சரி. ஒரு கையே இல்லையென்றால்? மைசன் ஆலையில் பழைய அச்சுகள் ஏராளமாகப் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. அதே பொம்மையின் கை அச்சை வாங்கி, பிசினை ஊற்றி ஒரு கை வார்த்துவிடலாமே என்று தோன்றும். அப்படி வார்த்தால் குள்ளனுக்கு நெட்டையன் கை மாட்டியது போலாகும்! ஈரமண் சுருங்கும் என்று தெரிந்து ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகச் செய்த அச்சு அல்லவா அது? பிசின் அவ்வளவு சுருங்காது. ஆகவே, முழுதாயிருக்கும் அதே வகைப் பொம்மை வேறெங்காவது இருந்தால், அதன் கையிலிருந்து சிலிக்கோன் ரப்பரில் அச்செடுத்துத்தான் வார்க்கவேண்டும்.

அப்படி ஒரு பொம்மை கிடைக்காவிட்டால், கையைக் கற்பனையாகச் செய்யலாமா? கோமாளி தொப்பியைத் தூக்கினானா, குவளையை ஏந்தினானா என்பது தெரியாமல் ஒரு கையைச் செய்து வைப்பது பொய்ச்சாட்சி சொல்வதற்கு ஒப்பாகும் என்பது என் கருத்து. இத்தாலிய அறிஞர் செசாரே பிராண்டி 1963இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு வரம்பு வகுத்தார். சீரமைப்பு, பொருளின் முழுமையைக் கண்ணுக்கு மீட்டுத்தர வேண்டும். ஆனால் அருகில் வந்து நோக்குபவருக்கு எது பழையது, எது புதியது என்று தெரியவும் வேண்டும். வண்ணம் தீட்டுவதிலும் இதே நேர்மை வேண்டும். நிரப்பிய இடத்தின் எல்லைக்குள் தூரிகை நிற்கவேண்டும். முன்பெல்லாம் வணிகர்களுக்காக வேலை செய்தவர்கள், கோடு தெரியக்கூடாது என்பதற்காக அசல் மெருகின்மேலும் அங்குலக் கணக்கில் வண்ணத்தைப் பரப்பினார்கள். அவ்வண்ணம் மஞ்சளாகும்போது, ஒரு மயிரிழைக் கோட்டுக்காக முகமே மஞ்சள்காமாலை கண்டது போலாகிவிடுகிறது.

மறைக்கவே கூடாத உடைவு

கைதவறி விழுந்த பொம்மையில் உடைவை மறைப்பதற்கு எவரும் பெரிதாக மறுப்புச் சொல்லமாட்டார்கள். எல்லா உடைவுகளும் அப்படிப்பட்டவை அல்ல.

டிரெஸ்டன் நகரில் குஸ்டாவ் ஃபான் கிளெம்பரர் என்ற யூத வங்கியாளர் மைசன் பீங்கான்களில் தேர்ந்த தொகுப்பு ஒன்றைச் சேர்த்திருந்தார். அவர் மறைந்தபின் 1928இல் வெளியான பட்டியலில் 800க்கும் மேற்பட்ட பொருள்கள் இடம்பெற்றன. நாஜி ஆட்சியில் 1938இல் குடும்பத்தினர் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. தொகுப்பை ரகசியப் போலீஸ் பறித்துக்கொண்டது. போர்க்காலத்தில் பாதுகாப்புக்காக நகருக்கு வெளியே அனுப்பப்பட்டிருந்த அப்பொருள்களை, செஞ்சேனை நெருங்கியபோது லாரியில் ஏற்றி மீண்டும் கொண்டுவந்தார்கள். 1945 பிப்ரவரி 13ஆம் நாள் இரவு அந்த லாரி டிரெஸ்டன் அரண்மனை முற்றத்தில் நின்றிருந்தது. அன்றிரவுதான் நகரின்மேல் பெருங்குண்டுவீச்சு நடந்தது.

தொகுப்பின் பெரும்பகுதி நொறுங்கியது. இடிபாடுகளிலிருந்து பொறுக்கிய துண்டுகளும் தப்பிய சில பொருள்களும் அருங்காட்சியகத்தில் தங்கின. 1991இல் ஒரு பகுதி குடும்பத்தாருக்குத் திருப்பி அளிக்கப்பட்டது; அதிற் பெரும்பங்கை அவர்கள் அருங்காட்சியகத்திற்கே நன்கொடையாகத் தந்துவிட்டார்கள். பின்னர் அடையாளம் காணப்பட்ட மேலும் பல துண்டுகளும் குடும்பத்தைச் சென்றடைந்தன. 2010இல் அவை லண்டனில் ஏலத்திற்கு வந்தன.

இத்தகைய துண்டுகளை எப்படிச் சீரமைப்பது? மெருகின்மேல் தீட்டிய வண்ணங்கள் ஏறக்குறைய 700 முதல் 850 பாகை வெப்பத்தில் பதிந்தவை. தீ அந்த வெப்பத்தை எட்டினால் அவை மறுபடி உருகி ஓடும், பொன்முலாம் மங்கும், இளகும் பரப்பில் சாம்பல் ஒட்டிக்கொண்டு மெருகோடு மெருகாகிவிடும். எந்தக் கரைப்பானும் அதை எடுக்காது. வெளுத்துக் காட்ட ஒரே வழி, கருகிய பரப்பை வண்ணத்தால் மூடி, கோமாளிக்குப் புதிய முகம் எழுதுவதுதான். கைத்திறன் உள்ளவருக்கு அது முடியாத காரியமல்ல. ஆனால் அப்படிச் செய்தால், அப்பொம்மை யாரிடமிருந்து பறிக்கப்பட்டது, எந்த இரவில் உடைந்தது என்பதற்கான தடயமும் வண்ணத்திற்கு அடியில் போய்விடும். முன்பே முழுதாயிருந்த கோமாளிகள் வேறு அருங்காட்சியகங்களில் உண்டு. இந்தக் கோமாளி ஒருவன்தான் இருக்கிறான்.

ஆங்கிலேய மட்பாண்டக் கலைஞரும் எழுத்தாளருமான எட்மண்ட் டி வால், இத்தொகுப்பைச் சேர்ந்த உடைந்த தட்டுகள் சிலவற்றை வாங்கி, ஜப்பானியரின் கிண்ட்சுகி முறையில் ஒட்டச் செய்தார். உருஷி என்ற மரத்தின் பாலைப் பசையாக இட்டு, கோட்டின்மேல் பொன்தூளைத் தூவும் முறை இது. இந்தப் பால் காய்ந்து இறுகுவதல்ல, ஈரக்காற்று வேண்டும். பாலிலுள்ள லாக்கேஸ் என்ற நொதி காற்றிலுள்ள உயிர்வளியின் துணையுடன் அதைக் கெட்டியாக்குகிறது. அதற்காகத் துண்டுகளை ஈரமூட்டிய மரப்பெட்டிக்குள் நாள்கணக்கில் வைத்துக் காக்கிறார்கள். பச்சைப் பால் தோலில் பட்டால் கொப்புளிக்கும், கையுறை கட்டாயம். இறுகியபின்னோ, அது எளிதில் எந்தக் கரைப்பானுக்கும் அசைந்து கொடுப்பதில்லை. பிரிக்கக்கூடிய பசைதான் வேண்டும் என்ற விதியை இங்கே அறிந்தே மீறியிருக்கிறார்கள். பொன் கோடு போகுமிடமெல்லாம் தட்டு எங்கே உடைந்தது என்பதைக் காட்டிக்கொண்டு செல்கிறது.